பூச்சிக்குப் பின்னால் ஒரு கண்



சென்ற இதழில் இந்தப் பக்கத்தில், ஓய்வு நாட்களில் அதிகம் செலவில்லாமல் சின்னஞ்சிறு உயிர்களைக் கிட்டப் போய்ப் படம் பிடிப்பதைப் பற்றி எழுதியிருந்தோம். வாசித்துவிட்டுப் பலர் கதைத்தார்கள். கமரா என்ன விலை, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டவர்கள்தான் பாதிப்பேர். டோட்முண்டிலிருந்து ஒரு தங்கச்சி மட்டும் வேறு விதமாகக் கேட்டிருந்தா. "அண்ணை, நாங்கள் இங்கே வந்து எட்டு மாதம். பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கினம். புல்வெளிப் பக்கம் கூட்டிக்கொண்டு போகலாமோ? காட்டு மிருகம் ஏதும் வந்தால் என்ன செய்கிறது?"

நல்ல கேள்வி. எங்களுக்கு ஒருமுறை காட்டு மிருகம் வந்தது. வந்தது என்று சொல்வதும் சரியில்லை. அது தன்பாட்டில் அங்கே கிடந்தது. நாங்கள்தான் அதன் மூக்குக்கு முன்னால் போய்ப் படுத்திருந்தோம். 2024ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் நடந்த அந்தக் கதையை இம்முறை எழுதுகிறோம்.

இந்தப் பக்கத்தைப் புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு சொல். 'நாங்கள்' என்பது மூன்று பேர். ஒரே பிளாஸ்ரிக் தொழிற்சாலையில், ஒரே மெசின் வரிசையில், பெரும்பாலும் இரவு வேலை. மூத்தவர் முல்லைத்தீவுப் பக்கம், நடுவிலான் தீவுப்பகுதி, இளையவன் வடமராட்சி. மூவருக்கும் முப்பது கடந்துவிட்டது. படிப்பு மூவருக்கும் சாதாரணதரத்தோடு சரி. எழுதுவது ஒரு கை, சொல்வது மூன்று வாய். எந்த வசனம் யாருடையது என்று கேட்காதீர்கள். வீட்டுக்காரிகளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

எங்கள் கமரா பழைய சாமான் சந்தையில் வாங்கியது. அதோடு பழைய 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று. இந்த லென்சை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பிப் பூட்டுவதற்கு ஒரு வளையம் விற்கிறார்கள், சில யூரோக்கள்தான். திருப்பிப் பூட்டினால் எறும்பு ஏறக்குறைய எறும்பளவுக்கே கமராவுக்குள் விழும். லென்ஸ் பழையதாக இருப்பதுதான் நல்லது. வெளிச்சம் போகும் துவாரத்தைக் கூட்டிக் குறைக்கும் வளையம் பழைய லென்சிலேயே இருக்கும். புதியவை பலவற்றில் அது இல்லை. இவ்வளவுதான் எங்கள் முதல்.

ஆனால் இதில் ஒரு கரைச்சல் உண்டு. லென்சுக்கும் பூச்சிக்கும் இடையில் ஒரு சாண் தூரம்கூட இருக்காது. படத்தில் தெளிவாக விழும் பகுதியோ ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். கண் தெளிவாக விழுந்தால் கால் மங்கிப்போகும், கால் விழுந்தால் கண் போய்விடும். அதனால் வளையத்தைத் திருகிச் சரிப்படுத்த முடியாது. உடம்பையே முன்னும் பின்னும் மயிரளவுக்கு அசைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சரியாக வரும் நொடியில் அமத்த வேண்டும். அதற்கு விடியற்காலைதான் தோது. இரவுக் குளிரில் விறைத்துப்போன பூச்சி வெயில் ஏறும்வரை பறக்காது. இரவு வேலை முடித்து வரும் எங்களுக்கும் அதுதான் தோதான நேரம். பனித்துளி பட்ட தும்பியைப் பார்க்க வேண்டுமென்றால் நித்திரையைக் கொஞ்சம் தள்ளிவைக்கத்தான் வேண்டும்.

அப்படிக் குனிந்து பார்க்கும்போது உலகமே பெருவிரல் நகமளவாகச் சுருங்கிவிடும். காது கேட்காது, முழங்கால் நோகாது. பக்கத்தில் யானை நின்றாலும் தெரியாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2002இல் குடமுழுக்குக் கண்ட பெரிய கோயில். தேருக்கு வந்து, கார் விட இடம் தேடி அலைந்தவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கால்வாய்க் கரையும் வயல் பாதைகளும் நன்றாகவே தெரிந்திருக்கும்! அங்கேயிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு புல்வெளி இருக்கிறது. மே மாதத்தில் அங்கே புல் இடுப்பளவு நிற்கும். இடையிடையே மஞ்சள் பூ, வெள்ளைப் பூ. பார்த்தால் சும்மா கிடக்கும் நிலம் மாதிரித்தான். அப்படி நினைக்கக் கூடாது. அந்தப் புல்தான் ஒரு கமக்காரரின் மாடுகளுக்கு மாரிகாலச் சாப்பாடு. நெல்லு வயலுக்குள் இறங்கி யாரும் உழக்குவார்களா? இங்கேயும் அப்படித்தான். பாதையில் நடக்கலாம், பயன்பாட்டில் இல்லாத தரையில் நடக்கலாம். வளர்ந்து நிற்கும் புல்லுக்குள் இறங்குவதில்லை. நாங்கள் எப்போதும் பாதையிலே படுத்து, பாதையோரத்துப் பூவைத்தான் எடுப்போம். பூச்சிக்கு ஓரம் நடு என்ற பேதம் கிடையாது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. இரவு வேலை முடிந்து, வீட்டுக்குப் போகாமல் நேரே போயிருந்தோம். பாதையோரத்து வெள்ளைப் பூ ஒன்றில் நண்டுச் சிலந்தி இருந்தது. இது வலை பின்னாத சிலந்தி. முன்கால்களை நண்டுபோல அகல விரித்துக்கொண்டு பூவிலேயே காத்திருக்கும். பெண் சிலந்தி, தான் இருக்கும் பூவுக்கேற்ப வெள்ளையாகவும் மஞ்சளாகவும் நிறம் மாறும். பச்சோந்தி மாதிரி உடனே அல்ல, நாட்கணக்கில் மெல்ல மெல்ல. அன்று வெள்ளைப் பூவில் வெள்ளைச் சிலந்தி. முதல்நாள் பின்னேரம் பிடித்ததாக இருக்கவேண்டும், தன்னைவிடப் பெரிய ஈ ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது.

மூத்தவர் பாதையில் கறுப்புக் குப்பைப் பையை விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டார். நடுவிலான் காற்றுக்கு மறைப்பாகக் குடை பிடித்தார். இளையவன் வெளிச்சம் தெறிக்க ஒரு வெள்ளை ரெஜிபோம் மட்டையைப் பிடித்தபடி குந்தியிருந்தான். பத்து நிமிடம் இப்படியே போனது. பூவுக்குப் பின்னால் மண்ணிறமாக ஏதோ மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்தது. காய்ந்த சருகு படத்தைக் கெடுக்குது என்று முணுமுணுத்தபடி மூத்தவர் கமராவிலிருந்து முகத்தை எடுத்துப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அந்த மண்ணிறத்துக்குள் ஒரு கண் இருந்தது.

ஈரமான, பெரிய, கறுத்தக் கண். இமைமயிரை எண்ணலாம் போல இருந்தது. கண்ணின் ஓரத்தில் சின்ன ஈ ஒன்று நடந்து திரிந்தது. ஆனாலும் அது கண் வெட்டவில்லை. காதுகள் இரண்டும் முதுகோடு ஒட்டிக் கிடந்தன. முதுகில் வெள்ளைப் புள்ளிகள், யாரோ சுண்ணாம்பில் விரலைத் தோய்த்து வைத்துவிட்ட மாதிரி. விலா மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. மூத்தவரின் முழங்கைக்கும் அதன் மூக்குக்கும் இடையில் இரண்டடி இருந்தால் அதிகம். மூன்று தடியன்கள் அதன் தலைமாட்டில் பத்து நிமிடமாகக் குடை பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அது ஓடவும் இல்லை, கத்தவும் இல்லை!

மூத்தவர் முழங்கையாலேயே பின்னால் நகர்ந்து வந்தார்.

"அண்ணை, மான் குட்டியே?" இளையவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "தாய் விட்டிட்டுப் போட்டுது போலை. பாவம். தூக்குவமே?"

"தொடாதை! விட்டிட்டுப் போகேல்லை. ஒளிச்சு வைச்சிட்டுப் போயிருக்கு. தாய் இஞ்சைதான் எங்கையாவது நிண்டு எங்களைப் பாத்துக்கொண்டிருக்கும். நாங்கள் நிக்குமட்டும் அது வராது. எழும்புங்கோ, போவம்."

முல்லைத்தீவுக்காரர் சொன்னால் மான் விசயத்தில் அப்பீல் கிடையாது. கமராவிலிருந்து லென்சைக் கழற்றி நேராகப் பூட்டி, எட்டத்தில் நின்று ஒரே ஒரு படம், பிளாஷ் இல்லாமல். பிறகு எங்கள் குடையையும் மட்டையையும் தூக்கிக்கொண்டு கிளம்பினோம்.

இது 'றே' என்று இங்கே சொல்லும் மான். எங்கள் ஊர்ப் புள்ளிமானைவிடச் சிறியது. வளர்ந்த பெண்மானே இருபது கிலோ அளவில்தான் வரும். ஜேர்மனியில் ஊருக்குப் பக்கத்துத் தோப்புகளிலும் வயல்களிலும் எங்கும் உண்டு. இரவுவேலைக்குப் போகும் வழியில் காரின் வெளிச்சத்தில் பாய்வதைப் பலர் கண்டிருப்பீர்கள். இதன் பிள்ளைப்பேறு ஒரு விசித்திரம். ஆடி ஆவணியில் கூடும். ஆனால் கரு உடனே வளராது. மாரி வரும்வரை அப்படியே காத்திருந்து, மார்கழி, தை அளவில்தான் வளரத் தொடங்கும். அப்போதுதான் குட்டி மே, யூனில், புல் உயர்ந்து நிற்கும் காலத்தில் பிறக்கும். பிறக்கும்போது ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோ. பெரும்பாலும் இரட்டை. தாய் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்திருக்காது. ஒன்றை இங்கே, மற்றதைக் கொஞ்சம் தள்ளி என்று புல்லுக்குள் தனித்தனியாகப் படுக்க வைத்துவிட்டு, நாளுக்குச் சில தடவை மட்டும் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். ஒன்று பிடிபட்டாலும் மற்றது தப்பட்டும் என்ற கணக்காக இருக்கும். குட்டியின் உடம்பில் மணமே இல்லை என்று சொல்லலாம். நரி பக்கத்தால் போனாலும் மோப்பம் பிடிப்பது கடினம். ஆபத்து வந்தால் முதல் இரண்டு மூன்று கிழமைக்கு அது ஓடாது. தரையோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். அதுதான் அதன் காவல்.

வள்ளியம்மன் கதையிலும் மான் பெற்ற பிள்ளை வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில்தானே கிடக்கிறது? வேடர் வந்து தூக்கிக்கொண்டு போகிறார்கள். கதைக்கு அது சரி. இங்கே தூக்கினால் வழக்கு வரும். அதைப் பிறகு சொல்கிறோம்.

திரும்பி நடக்கையில் மூத்தவர் கதைக்கவில்லை. கொஞ்சத் தூரம் போனபின்தான் வாய் திறந்தார். "எங்களுக்கும் இப்பிடித்தானே சொல்லித் தந்தவை. கிபிர் சத்தம் கேட்டால் குப்புறப் படு. தலையைத் தூக்காதை. மூச்சுக் காட்டாதை." சின்ன வயதில் பங்கருக்குள் கிடந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அசையாமல் கிடந்ததால் உயிரோடு இருக்கிறவர்கள் எங்களில் எத்தனையோ பேர். (இங்கே செப்ரெம்பர் மாதம் இரண்டாவது வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு நாடு முழுவதும் அபாயச் சங்கு ஊதிப் பரீட்சித்துப் பார்ப்பார்கள். 2020இல் தொடங்கியது. புதிதாக வந்தவர்கள் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தொழிற்சாலையில் முதல்முறை அதைக் கேட்டபோது எங்களில் ஒருவர் மெசினுக்குக் கீழே போய்விட்டார்.)

பாதை முடிகிற இடத்துக்கு வந்தபோதுதான் அதைக் கண்டோம். பக்கத்துப் புல்வெளி மொட்டையாக வெட்டப்பட்டுக் கிடந்தது. வாசலில் உழவு மெசின் நின்றது. பின்னால் புல்லு வெட்டும் இயந்திரம் பூட்டியபடி. இது அரிவாள் வேலை இல்லை, வாசகர்களே. மூன்று மீற்றர் அகலத்துக்குத் தட்டுத் தட்டாகச் சுழலும் கத்திகள். மணிக்குப் பத்து, பதினைந்து கிலோமீற்றர் வேகத்தில் போகும். ஓட்டுபவருக்கு மேலே இருந்து பார்த்தால் புல்லைத் தவிர ஒன்றும் தெரியாது. குட்டியோ நரிக்கு அசையாத மாதிரியே மெசினுக்கும் அசையாது. ஜேர்மனியில் ஒவ்வொரு வருடமும் இப்படிப் பல்லாயிரம் குட்டிகள் வெட்டுப்பட்டுச் சாகின்றன. காலிரண்டும் போய் உயிரோடு கிடக்கிறவை வேறு.

மூவரும் நின்றுவிட்டோம்.

"எங்களுக்கேன் வம்பு?" என்றார் நடுவிலான். "எங்கட காணிக்குப் பக்கத்திலை விடியக்காலமை ஏன் நிண்டனீங்கள் எண்டு கேட்டால் என்ன சொல்லுறது? பொலிசைக் கூப்பிட்டால்?"

அப்போது அவரிடம் இருந்தது டுல்டுங். சில மாதத்துக்கு ஒருமுறை கொண்டுபோய் நீட்டுகிற கடதாசி. அவரைப் பயந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கடதாசியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நித்திரை கொண்டவர்களுக்குத் தெரியும், இங்கே ஒருவரும் கவனிக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று. எட்டு வருடமாக ரெயினில் சத்தமாகக் கதைக்காமல், சிவப்பு விளக்கில் நடு இரவிலும் நின்று, ஒரு பிசகும் இல்லாமல் இருந்தவர் அவர்.

மூத்தவர் விவாதம் பண்ணவில்லை. "மெசின் வந்தாலும் அது எழும்பாதடா" என்றார். அவ்வளவுதான். பிறகு மூவருமாகக் கமவீட்டுப் பக்கம் நடந்தோம். நடுவிலான் பத்தடி பின்னால் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஜேர்மன்காரர் வீட்டுக் கதவைத் தட்டுவதென்றால் சும்மா வேலையில்லை. நல்லகாலம், மாடு வளர்ப்பவர்களுக்கு ஞாயிறு கிடையாது. தொழுவத்தில் லைற் எரிந்தது. முதலில் நாய் வந்தது. பிறகு அந்த வீட்டு அம்மா வந்தா. இரவுவேலை உடுப்போடு, கையில் குடையும் ரெஜிபோம் மட்டையுமாக மூன்று கறுத்த மனிதர். அந்த அம்மாவின் முகத்தை நாங்கள் குறை சொல்லமாட்டோம்.

எங்களில் டொச் ஒழுங்காகப் படித்தவன் இளையவன்தான். ஆனால் அவன் படித்த புத்தகத்தில் டொக்டரிடம் போவது, வீடு வாடகைக்கு எடுப்பது எல்லாம் இருந்தது. மான் குட்டி இருக்கவில்லை. 'றே' என்று தெரியும், குட்டிக்கு என்ன சொல்வது? "பேபி றே" என்றான். அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. திரும்பவும் சொன்னான். கையால் நீளம் காட்டினான். அவ நாயைப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் போனா. அப்போது பின்னால் நின்ற நடுவிலான் முன்னுக்கு வந்து, மூத்தவரின் கழுத்திலிருந்த கமராவை வாங்கி, அந்த ஒற்றைப் படத்தைத் திரையில் போட்டு நீட்டினார்.

அதற்குப் பிறகு மொழி தேவைப்படவில்லை. "ஓ!" என்றா. உள்ளே பார்த்துக் கூப்பிட்டா. கமக்காரர் பால் வாளியோடு வந்தார். படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, எங்கே, எப்போது, நீங்கள் யார் என்று ஒன்றுமில்லை. "தொட்டீர்களா?" என்பதுதான்.

"நைன்!" மூன்று பேரும் ஒரே குரலில்.

அவருடைய முகம் இளகியது. இளையவன் ரெலிபோனில் வரைபடத்தைத் திறந்து இடத்தைக் காட்டினான். மழை வருமுன் வெட்டவேண்டும் என்று மறுநாள் விடியற்காலை அந்தப் புல்வெளிதான் முறை என்றார் கமக்காரர். 'றேகிட்ஸ்' என்ற சொல்லையும் சொல்லித் தந்தார். நீங்களும் பாடமாக்கி வையுங்கள்: றேகிட்ஸ். வேட்டை உரிமைக்காரருக்கு அங்கே நின்றபடியே ரெலிபோன் எடுத்தார்.

திங்கள் விடிய நாங்கள் வேலையில் நின்றோம். நடந்ததை அடுத்த ஞாயிறு கமக்காரர் வாயால்தான் கேட்டோம். சூரியன் ஏறுமுன் வெப்பம் காட்டும் கமரா பூட்டிய ட்ரோன் ஒன்றைப் புல்லுக்கு மேலே பறக்கவிட்டிருக்கிறார்கள். நிலம் குளிர்ந்திருக்கும் நேரத்தில் குட்டியின் உடம்புச் சூடு திரையில் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். வெயில் பட்டால் கல்லும் மண்ணும் சூடாகிவிடும், பிறகு ஒன்றையும் பிரித்தறிய முடியாது. எங்கள் குட்டி சில அடி தள்ளிக் கிடந்திருக்கிறது. ஏறக்குறைய முப்பது அடி தள்ளி இரண்டாவது குட்டி! அதை நாங்கள் காணவேயில்லை. இரண்டையும் கையுறை போட்டு, கை நிறையப் புல்லை வைத்து அதோடு சேர்த்து அள்ளி, வேலியோர நிழலில் கூடையால் மூடி வைத்துவிட்டு, புல்லை வெட்டி முடித்ததும் திறந்து விட்டிருக்கிறார்கள். பின்னேரம் தாய் வந்து கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. எங்களுக்கு ஒரு பெட்டி முட்டை கிடைத்தது.

இப்படி ட்ரோன் வாங்கும் உதவிக் குழுக்களுக்கு மத்திய விவசாய அமைச்சு 2021 முதல் காசு உதவி செய்திருக்கிறது. ட்ரோன் இல்லாதவர்கள் வெட்டுவதற்கு முதல்நாள் பின்னேரம் வயலில் தடி நட்டு பிளாஸ்ரிக் பை கட்டி விடுவார்கள். தாய் மிரண்டு இரவோடிரவாகக் குட்டியை வேறிடம் கொண்டுபோய்விடும். மிருகங்களைப் பாதுகாப்பது இந்த நாட்டின் அடிப்படைச் சட்டத்திலேயே 2002இல் சேர்க்கப்பட்டிருக்கிறது. குட்டி கிடக்கிறது என்று தெரிந்தும் மெசினை விட்டால் கமக்காரர் நீதிமன்றம் ஏறவேண்டி வரலாம். ஆகவே போய்ச் சொன்னால் கோபிப்பார்கள் என்று எண்ண வேண்டாம். அவர்களுக்கும் அந்தச் சத்தம் கேட்க விருப்பமில்லை.

இனி வழக்கு விசயம். பிள்ளைகள் கண்டால் தூக்கத்தான் கேட்பார்கள், அவ்வளவு வடிவு. விடாதீர்கள். மனிதக் கையின் மணம் பட்டால் தாய் சேர்க்காமல் விடக்கூடும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பசுப்பால் கொடுத்தால் அதற்கு வயிறு தாங்காது. இதற்கெல்லாம் மேலாக, வேட்டை உரிமையுள்ள மிருகத்தை எடுத்துக்கொண்டு போவது குற்றவியல் சட்டம் 292ஆம் பிரிவின்படி களவு வேட்டை. தண்டம் அல்லது மூன்று வருடம் வரை மறியல். இரக்கப்பட்டுத் தூக்கினேன் என்று சொன்னாலும் வீசாக் கடதாசியோடு திரிகிறவர்களுக்கு அது வேண்டாத தலையிடி. தனியாகக் கிடக்கும் முயல் குட்டியும், கூட்டிலிருந்து குதித்து நிலத்தில் நிற்கும் குருவிக் குஞ்சும் இதே மாதிரித்தான். பெரும்பாலும் தாய் பக்கத்தில் நிற்கும். எட்டப் போய்விடுவதுதான் உதவி. றோட்டில் தாய் அடிபட்டுக் கிடக்கிறது, குட்டி விடாமல் கத்துகிறது என்றால் மட்டும் 110க்கு எடுத்துச் சொல்லுங்கள். அந்தப் பகுதி வேட்டை உரிமைக்காரருக்கு அவர்கள் அறிவிப்பார்கள்.

டோட்முண்ட் தங்கச்சி, காட்டு மிருகத்துக்குப் பயப்படாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பயப்பட வேண்டியது உண்ணிக்கு. எங்கள் ஊர் மாட்டுண்ணி மாதிரித்தான், ஆனால் குண்டூசித் தலையளவு சின்னதும் உண்டு. புல்லில் தொற்றிக்கொண்டு காத்திருந்து, உரசிப் போகும் காலில் ஏறும். நீளக் காற்சட்டை போட்டு, அதன் அடியைக் காலுறைக்குள் விடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் கக்கம், முழங்காலின் பின்புறம், காதுக்குப் பின்னால், தலைமயிருக்குள் எல்லாம் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் எண்ணெய் பூசுவது, நெருப்புக்குச்சியால் சுடுவது ஒன்றும் வேண்டாம். சின்னச் சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து மெதுவாக நேராக இழுத்து எடுங்கள். அன்றே எடுத்துவிட்டால் பொறேலியோஸ் என்ற நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. கடித்த இடத்தைச் சுற்றி நாட்கள் கழித்தோ கிழமைகள் கழித்தோ சிவப்பு வட்டம் பரவினால் உடனே டொக்டரிடம் காட்டுங்கள், மருந்து உண்டு. மூளைக்காய்ச்சல் தரும் இன்னொரு நோயும் உண்ணியால் வரும். அது தென் மாநிலங்களான பயர்ன், பாடன் வூட்டம்பேர்க் பக்கம் அதிகம். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் வீட்டு டொக்டரைக் கேளுங்கள்.

முட்டை தந்த அன்று கமக்காரர் எங்கள் ரெலிபோன் நம்பரைக் கேட்டார். மற்ற இருவரும் யோசித்துக்கொண்டு நிற்கையில் நம்பரைச் சொன்னவர் நடுவிலான். ஏன் சொன்னார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

2025 மே மாதம் ஒரு வியாழன் இரவு, ஒன்பது மணிக்கு அந்த ரெலிபோன் அடித்தது. நாளை விடிய நாலரைக்கு ட்ரோன் பறக்கும், கூடை தூக்க ஆள் காணாது, வர முடியுமா? அந்தக் கிழமை எங்களுக்குப் பகல் வேலை; இரண்டு மணிக்குத்தான் தொடங்கும். போனோம். எட்டுப் பேர் நின்றார்கள். வேட்டை உரிமைக்காரர் சின்னத் திரையைப் பார்த்து, இடம், வலம், இன்னும் பத்தடி என்று சொல்லச் சொல்ல, புல்லுக்குள் மெல்ல மெல்ல நடந்தோம். முதல் குட்டிக்குப் பக்கத்தில் நின்றவர் நடுவிலான். கையுறையை மாட்டி, இரண்டு கையாலும் புல்லைப் பிடுங்கி, குனிந்து அதை அள்ளினார். ஒரு சின்ன விசில் மாதிரிக் கத்தியது. தோப்போரத்தில் தாய் தலையைத் தூக்கியது. அவர் அசையாமல் நின்று, பிறகு அடிமேல் அடி வைத்து வேலிக்குக் கொண்டுபோனார். பெரிய பாரம் இல்லையாம். ஆனால் நெஞ்சு அடிக்கிறது புல்லுக்குள்ளாலும் கையில் தெரிந்ததாம்.

அன்று மூன்று குட்டி. ஒரு முயல் படுக்கை. ஒன்பது மணிக்குக் கூடைகளைத் திறந்துவிட்டு, எல்லோருக்கும் கோப்பியும் பாணும் தந்தார்கள். வெள்ளிக்கிழமை என்றபடியால் நடுவிலானுக்குப் பாணும் ஜாமும் மட்டும். அந்த வீட்டு அம்மா ஏன் என்று கேட்டா. இளையவன் தன் டொச்சில் விரதத்தை விளக்க ஒரு கால் மணித்தியாலம் எடுத்தான். படம் ஒன்றும் எடுக்கவில்லை. கையுறையோடு கமராவைத் தொட முடியாது.

லென்ஸ் திருப்பிப் பூட்டும் வளையத்தின் அளவை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறோம்.